லைன் கிடைக்க வழி கண்ட கணக்கு வாத்தியார்

ஈஜிபுரா சிக்னலில் மாலை நேரத்தில் நிற்பவர்களுக்கு நெரிசலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு ரோடு அடைத்துக்கொண்டால் இன்னொரு ரோட்டில் வண்டியைத் திருப்புவார்கள். டெலிபோன் கம்பியிலும் இதே நெரிசல் உண்டு. ஊருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, மணிக்கணக்கில் காத்திருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்த நெரிசலுக்குச் சரியான கணக்கு வகுத்துக் கொடுத்தவர், டென்மார்க் நாட்டைச் சேர்ந்த அக்னர் கிராரூப் எர்லாங்.

வாத்தியார் மகன்

எர்லாங் 1878-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி லோன்போர்க் கிராமத்தில் பிறந்தார். தந்தை பள்ளிக்கூட வாத்தியார். வசதியான குடும்பம் அல்ல. உதவித்தொகை பெற்றுப் படித்து, 1901-ல் கணிதத்தில் பட்டம் பெற்றார். பிறகு அவரும் வாத்தியார் ஆனார்.

கணித சங்கக் கூட்டங்களுக்கு அவர் போவது வழக்கம். அங்கே கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமை என்ஜினீயர் ஜென்சன் அறிமுகமானார். அதனால் 1908-ல் அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது.

10-ம் 10-ம் 20 அல்ல

அதிக லைன் போட்டால் கம்பெனிக்குச் செலவு. குறைத்துப் போட்டால், அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிடுகிறவருக்கு லைன் கிடைக்காது. எத்தனை லைன் போதும்? இதற்கான சூத்திரத்தை 1917-ல் எர்லாங் வெளியிட்டார்.

100 அழைப்பில் 1-க்கு மட்டுமே லைன் கிடைக்காமல் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். 10 லைன்கள், ஒரே நேரத்தில் சராசரியாகச் சுமார் 4½ பேச்சுகளைத்தான் தாங்கும். தனித்தனியாக இரண்டு பத்து என்றால் 9. அந்த 20 லைன்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் 12 பேச்சுகளைத் தாங்கும். புதிதாக ஒரு கம்பிகூட இழுக்கவேண்டாம்!

ஒரு பக்கம் லைன் நிறைந்திருக்கும்போது இன்னொரு பக்கம் காலியாகக் கிடக்கக்கூடாது என்பதே இதன் பொருள். நேர் பாதை நிறைந்தால் மாற்றுப் பாதையில் அழைப்பைத் திருப்பும் முறைக்கும் இந்தக் கணக்கு கைகொடுத்தது. இன்றைய செல்போன் கோபுரங்களுக்கும் இது பயன்படுகிறது.

ஏணியுடன் ஒரு தொழிலாளி

எர்லாங் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டதோடு நிற்கவில்லை. ஏணி தூக்கிவர ஒரு தொழிலாளியை அழைத்துக்கொண்டு, தெருக் குழிகளில் இறங்கிக் கேபிள்களைச் சோதித்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. உதவி கேட்டு வந்த ஏழைகளுக்கு, வெளியே தெரியாமல் கொடுத்தார்.

ஏறக்குறைய 20 ஆண்டுகள் அதே கம்பெனியில் உழைத்தார். 1929-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந்தேதி, வயிற்றில் ஆபரேஷன் நடந்தபிறகு காலமானார். அப்போது அவருக்கு வயது 51.

நீளத்துக்கு மீட்டர், எடைக்குக் கிலோ இருப்பதுபோல, டெலிபோன் நெரிசலை அளக்கும் அளவுக்கு 1946-ல் எர்லாங் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெருமையைக் காண அவர் இல்லை. ஆனால் பெங்களூரில் வேலை பார்ப்பவர் ஊரில் இருக்கும் தாயுடன் ராத்திரி நேரத்தில் தடையில்லாமல் பேச முடிகிறது என்றால், அதில் அந்தக் கிராமத்து வாத்தியார் மகனுக்கும் பங்கு உண்டு.