ஐடா அம்மையார் விட்டுக்கொடுத்தது



வேலூர் என்ற பெயரைக் கேட்டதும், உங்களில் பலருக்குத் தம் குடும்பத்தில் ஒருவரது நோயும் சத்திரசிகிச்சையும் நினைவுக்கு வரக்கூடும். கடல் கடந்து சென்று அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் சுகம் நாடியோர் நம்மிடையே அநேகர். அதனை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வை இவ்வாரம் சிந்திப்போம். அவரைப் பற்றி ஞாயிறு பாடசாலையிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆயினும், வழக்கமாகச் சொல்லப்படுவது அவர் இளமையில் பெற்ற அழைப்பு மட்டுமே. முதுமையில் அவரை எதிர்கொண்ட சோதனையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. என் எண்ணத்தில் அதுவே பெரிது.

அவரது குடும்பம் நமக்கு அந்நியமானதன்று. அவருடைய பாட்டனாராகிய ஜோன் ஸ்கடர், 1819ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியும் நற்செய்திப் பணியும் ஆற்றியவர். அமெரிக்க நாட்டிலிருந்து வெளிநாடு சென்ற முதல் வைத்திய மிஷனரி அவரே. 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். அவருடைய மகனாகிய இளைய ஜோன், 1835இல் யாழ்ப்பாண மண்ணில் பிறந்தவர். அவரும் வைத்தியராகி ஆற்காட்டுப் பகுதியில் ஊழியம் செய்தார். அவருக்குக் கடைசிப் பிள்ளையாக, 1870ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி, ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

மிஷனரிப் பரம்பரையில் பிறந்தும் அவ்வாழ்வை அவர் விரும்பவில்லை. சிறுவயதில் கண்ட பஞ்சமும் நோயும் அவர் மனதை இந்தியாவிலிருந்து விலக்கியிருந்தன. அமெரிக்காவில் கல்வி கற்ற அவர், 1890இல் தாயாரின் சுகவீனம் காரணமாகவே திண்டிவனம் வந்தார். அங்கே ஓரிரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர், பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவி வேண்டி அவரிடம் வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. ஐடாவோ வைத்தியம் அறியாதவர். வைத்தியராகிய தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு வேண்டியும், அந்நிய ஆடவர் தம் பெண்களைத் தொடலாகாது என்று கூறித் திரும்பினர். விடியுமுன் மூன்று பெண்களும் இறந்துபோயினர். நீங்கள் அறிந்த வரலாறு ஆதலின் இதனை மேலும் விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பெண்களைக் காப்பாற்றப் பெண்களே வைத்தியராக வேண்டும் என்ற உறுதி, அந்த இரவில்தான் அவரிடத்தில் வேரூன்றியது.

அவர் அமெரிக்கா மீண்டு மருத்துவம் கற்றார். கோர்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் திறக்கப்பட்டதும் அங்கே சேர்ந்து, 1899இல் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் செல்வந்தர், மறைந்த தம் மனைவியின் நினைவாக ஒரு வைத்தியசாலை கட்டுவதற்கு 10,000 டொலர் வழங்கினார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூரை அடைந்தார். தந்தையாரிடம் தொழில் பழகலாம் என்றிருந்த நம்பிக்கை, அவ்வாண்டு மே மாதம் அவர் காலமானதோடு அற்றுப்போயிற்று. வீட்டிலேயே ஒரு சிறிய அறையில், ஒரேயொரு கட்டிலோடு பணி தொடங்கியது. 1902இல் 40 கட்டில்களுடன் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

ஆனால் ஒரு வைத்தியர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? தம் இரு கைகளால் ஆகக்கூடியது எவ்வளவு என்பதை ஐடா விரைவிலேயே கண்டுகொண்டார். 1909இல் தாதியர் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தார். வைத்தியசாலைக்கு வர வழியற்றோரைத் தேடிக் குடியாத்தம் வீதி வழியே வாரந்தோறும் பயணம் செய்தார். குறித்த மரநிழல்களில் வண்டி நிற்கும். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், கண் நோய்க்கு மருந்திடுவதும், பல் பிடுங்குவதும் அங்கேயே நடைபெறும். சத்திரசிகிச்சை வேண்டியவர்கள் வேலூருக்கு அழைத்துவரப்படுவர். கட்டடத்துக்குள் வந்து சேர்ந்தவர் மட்டுமே நோயாளர் என்று அவர் எண்ணவில்லை. எத்தனையோ பெரிய வைத்தியசாலைகள் இதனை இன்னமும் கற்றுக்கொள்ளவில்லை.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையை அவர் திறந்தபோது, சென்னை மாகாணத்தின் தலைமை வைத்திய அதிகாரி, விண்ணப்பிக்க மூன்று பெண்களாவது வருவார்களோ என ஐயுற்றார். வந்தவர்களிற் பலரை இடமின்மையால் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று. முதலாண்டுப் பரீட்சையில் ஆடவர் பாடசாலைகளின் பெறுபேறு மிகத் தாழ்ந்திருக்க, வேலூரிலிருந்து தோற்றிய 14 பெண்களும் சித்தியெய்தினர். இருபது ஆண்டுகள் இப்பாடசாலை தழைத்தது. தென்னிந்தியாவின் மிஷன் வைத்தியசாலைகள் பலவற்றில் வேலூர் மாணவியர் பொறுப்பேற்றனர்.

இனிச் சோதனைக்கு வருவோம். 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, பாடசாலைகள் வழங்கிவந்த குறுகிய மருத்துவப் பட்டயத்தை நிறுத்தி, பல்கலைக்கழகப் பட்டக்கல்வி மட்டுமே இனி நடைபெறும் என்று தீர்மானித்தது. மக்களுக்கு முழுத் தேர்ச்சி பெற்ற வைத்தியர் வேண்டும் என்பதே அதன் நோக்கம்; அதனைக் குறைகூற இயலாது. ஆனால் பல்கலைக்கழகத்தோடு இணைய வேண்டுமாயின் இன்னும் பல கட்டில்கள் வேண்டும், ஆய்வுகூடங்கள் வேண்டும், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். வேலூரிடம் பணமும் இல்லை, ஆட்களும் இல்லை. உலகப் போர் மூண்டிருந்த காலம் அது.

ஐடா அம்மையார் எழுபது வயதை எட்டியிருந்தார். ஓய்வெடுக்கும் பராயத்தில் அமெரிக்கா சென்று, போர் ஆண்டுகளில் ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். அங்கேதான் கடினமான கேள்வி எழுந்தது. இந்தியத் திருச்சபைகளும் கிறிஸ்தவ வைத்தியர்களும், ஆணும் பெண்ணும் சேர்ந்து கற்கும் ஒரு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நெடுநாளாக விரும்பியிருந்தனர். வேலூர் அக்கல்லூரியாக மாறுமாயின், பல சபைகளின் உதவியும் ஆசிரியர்களும் வந்து சேர்வர். மாறாவிடின், ஒரு சில பெண்கள் சங்கங்களின் காணிக்கையால் மட்டும் பட்டக்கல்வியைத் தாங்குதல் அரிது.

இதனை அவருடைய பழைய நண்பர்கள் ஏற்கவில்லை. லூசி பீபாடி என்பவர் வேலூருக்காக அமெரிக்கப் பெண்களிடையே நெடுங்காலம் நிதி திரட்டியவர். பெண்கள் பெண்களுக்கென்று கொடுத்த பணத்தை ஆடவருக்கும் பங்கிடுவது நம்பிக்கைத் துரோகம் என அவர் வன்மையாக எதிர்த்தார். அவரது அச்சத்தை அற்பமென்று தள்ளிவிடலாகாது. ஆடவர் நுழைந்த இடத்தில் தலைமையும் அவர்களிடமே போய்ச் சேர்வதை அவர் பல நிறுவனங்களில் கண்டிருப்பார். அதிலும், பெண்களுக்கான வைத்தியம் என்பது ஐடாவுக்கு வெறும் கொள்கையன்று. திண்டிவனத்தில் இறந்த அம்மூவரின் நினைவு அது. அந்த அழைப்பையே கைவிடுகிறாரோ என்று பிறர் கேட்டபோது, அவருடைய உள்ளம் எவ்வளவு கலங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் தயங்கினார், அது ஒருநாளில் எடுத்த முடிவன்று. முடிவில், தாம் கட்டியதன் வடிவத்தைக் காப்பாற்றுவதிலும் பார்க்க, அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அம்மக்களுக்கு அது தொடர்ந்து கிடைப்பதே வேண்டற்பாலது என்று இணங்கினார். நண்பர்களையும் இழந்தார். 1942இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பட்ட வகுப்புத் தொடங்கியது. தொழுநோய் வைத்தியத்தில் பெயர்பெற்ற ரொபேர்ட் கொக்ரேன் தலைமையேற்று, அக்கடினமான ஆண்டுகளில் அதனை நடத்தினார். 1946இல் ஐடா ஓய்வுபெற்றார். மறு ஆண்டு ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். பீபாடியின் அச்சம் உடனே மெய்ப்படவுமில்லை: 1948இல் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் ஹில்டா லாசரஸ் என்ற பெண் வைத்தியர்.

இம்மாற்றத்தால் வேலூர்ச் சுற்றுவட்டாரம் பெற்றது என்ன? ஒன்றைச் சொல்கிறேன். அப்பகுதியில் தொழுநோய் மிகுந்திருந்தது. ஐடாவின் மரநிழல் வைத்தியத்துக்கு வந்தோரிலும் அந்நோயாளர் இருந்தனர். நோயின் வேகத்தைத் தணிக்க மருந்து வந்தபின்னும், மடங்கிப்போன விரல்களோடு அவர்கள் பிச்சையெடுத்தே வாழ்ந்தனர். 1946இல் வேலூருக்கு வந்த போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், பழுதுறாத தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைத்துக் கையை மீண்டும் விரியச் செய்தார். கருவி பிடித்து உழைக்கும் கை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நோயாளர் தொழில் பழகி ஊர் திரும்ப 1951இல் ஒரு குடியிருப்பு ஏற்பட்டது. 1955இல் அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆய்வுக்கெனத் தனி நிலையம் எழுந்தது. பட்டயம் மட்டும் வழங்கும் சிறிய பாடசாலையாக நின்றிருப்பின், அவரைப் போன்ற ஆசிரியர் அங்கு வந்திருப்பது ஐயமே.

1961இல் இந்தியாவில் முதன்முதலாகத் திறந்த இதய சத்திரசிகிச்சை வெற்றியாக நடந்ததும், 1971இல் முதற் சிறுநீரக மாற்று நடந்ததும் அங்கேதான். பத்திரிகைகள் இவற்றையே பெரிதாக எழுதும். ஆனால் 1977இல் கே. வி. குப்பம் வட்டாரத்துக் கிராமங்களுக்கென ஆரம்பித்த சுகாதார, சமூகநலப் பிரிவும், திருச்சபைகள் அனுப்பிவைத்த மாணவர்கள் படிப்பு முடிந்தபின் மிஷன் வைத்தியசாலைகளில் பணிபுரிய வேண்டும் என்ற ஏற்பாடும், குடியாத்தம் வீதியில் சென்ற அந்த வண்டிக்கு இன்னும் நெருங்கிய உறவுடையன.

ஓய்வுக்குப் பின் ஐடா அம்மையார் கொடைக்கானலில் வாழ்ந்தார். ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் பட்டம் பெற்று வெளியேறுவதை அவர் உயிரோடிருந்து கண்டார். 1960ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி, 89ஆவது வயதில் அங்கேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வேலூர் வைத்தியசாலை 2022இல் புதிய வளாகமொன்றைத் திறந்தது. அது அமைந்திருப்பது, அவர் பிறந்த ராணிப்பேட்டையில்.