ஆனந்தரங்கம் பிள்ளை

ஆனந்தரங்கம் பிள்ளை (மார்ச் 30, 1709 - சனவரி 1761) பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் கீழ் புதுச்சேரியில் தலைமைத் துபாசியாகப் பணியாற்றியவர். வணிகர், நாட்குறிப்பு ஆசிரியர். துபாசி என்பவர் ஐரோப்பியருக்கும் உள்நாட்டவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் விளங்கியவர் ஆவார்.

குடும்பப் பின்னணி

இவர் சென்னைப் பெரம்பூரில் செல்வமிக்க வணிகரான திருவேங்கடம் பிள்ளையின் மூத்த மகனாகப் பிறந்தார். தந்தையின் மைத்துனரான நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியில் தலைமைத் துபாசியாக இருந்தார். அவரது தூண்டுதலால் இக்குடும்பம் புதுச்சேரியில் குடியேறியது.

துபாசிப் பதவி செல்வத்தை அளித்ததுபோல் ஆபத்தையும் அளித்தது. ஆளுநர் எபேர் காலத்தில், 1716 இல் நைனியப்பர் சிறையிடப்பட்டார். அவரது சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1717 இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்குச் சென்று முறையிட்டார். அங்கு கிறித்தவ சமயத்தைத் தழுவி, செவாலியே பட்டமும் பெற்றுத் திரும்பித் துபாசியானார். எனினும் 1724 இல் அவரும் காலமானார். 1726 இல் திருவேங்கடம் பிள்ளை இறந்தார். அதன்பின் தலைமைத் துபாசியாக நெடுங்காலம் இருந்தவர் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த கனகராய முதலியார் ஆவார்.

பதவியும் நிலமும்

தந்தையின் மறைவுக்குப் பின் ஆளுநர் லெனுவார், பரங்கிப்பேட்டை வணிகப் பொறுப்பை ஆனந்தரங்கருக்கு அளித்தார். துணி வணிகத்தில் ஈடுபட்ட இவருக்கு ஆனந்தப்புரவி என்ற சொந்தக் கப்பலும் இருந்தது. 1746 இல் கனகராய முதலியார் இறந்தார். மறு ஆண்டு ஆளுநர் டூப்ளே இவரைத் தலைமைத் துபாசியாக நியமித்தார்.

1748 இல் பாசுகாவன் தலைமையிலான ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. அப்படை முதலில் தாக்கியது நகருக்குத் தெற்கிலிருந்த அரியாங்குப்பம் கோட்டையையாகும். வெடிமருந்து வெடித்ததால் பிரெஞ்சுப் படையினர் கோட்டையை விட்டு வெளியேறினர். ஆயினும் நகரம் வீழவில்லை. இம்முற்றுகைக்கால நிகழ்வுகள் இவரது நாட்குறிப்பில் இடம்பெற்றுள்ளன.

முசாபர் சங் இவருக்கு 3000 குதிரைகளுக்குரிய மன்சப் பட்டத்தையும் செங்கல்பட்டுச் சாகீரையும் வழங்கினார். இதனால் வணிகக் குடும்பம் ஒன்று நிலவுடைமைப் பிரபுக் குடும்பத்தின் தகுதியை அடைந்தது. எனினும் பிரெஞ்சு ஆதிக்கத்தைச் சார்ந்திருந்த இத்தகுதி அதனுடனேயே தளர்ந்தது. 1754 இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1756 இல் இவரும் பதவியை இழந்தார். புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே 1761 சனவரியில் இவர் காலமானார்.

வழித்தோன்றல்கள்

இவரது மனைவி மங்கத்தாயி. இவர்களுக்கு மூன்று பெண்மக்களும் இரண்டு ஆண்மக்களும் பிறந்தனர். இவருக்குப் பின் நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தைத் தம்பி மகன் ரங்கப்பத் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்தார். அதே குடும்பத்தவரான முத்து விசயத் திருவேங்கடம் பிள்ளையும் நாட்குறிப்பு எழுதியுள்ளார். 1752 இல் சீனிவாச கவி இயற்றிய ஆனந்தரங்க விசய சம்பு என்ற வடமொழி நூல் இவரது குலமரபைக் கூறுகிறது.

நாட்குறிப்பு

1736 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் நாட்குறிப்பை இவர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதினார். 1846 இல் கலுவா மொம்பிரேன் இதனைக் கண்டறிந்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. அரசியல், வணிகம், சாதிப் பூசல்கள், ஊர்ச் செய்திகள் ஆகியவற்றை ஒருங்கே பதிவுசெய்திருப்பதால், 18 ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றுக்கு இது முதன்மைச் சான்றாகும். சாகீரும் பட்டமும் மறைந்தபின் இக்குடும்பத்தின் பெயரை நிலைநிறுத்தியது இந்நூலே. புதுச்சேரி ரங்கப்பிள்ளை தெரு இவர் பெயரைத் தாங்கியுள்ளது.