கோட்டில் ரோஜா... கோர்ட்டில் போர்! உசிலம்பட்டி மறக்காத 'ரோசாப்பூ துரை'

உசிலம்பட்டி பக்கம் 'ரோசாப்பூ' என்று ஒரு ஆண் பெயரைக் கேட்டால் சிரித்துவிடாதீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பாரிஸ்டர் இருக்கிறார். பெயர், ஜார்ஜ் ஜோசப்.

1887-ல் கேரளாவின் செங்கன்னூரில் பிறந்தவர். எடின்பரோவில் தத்துவமும் லண்டனில் சட்டமும் படித்துவிட்டு 1909-ல் ஊர் திரும்பினார். கொஞ்ச நாள் சென்னை, அப்புறம் மதுரை. கோட்டில் எப்போதும் ஒரு ரோஜா இருக்கும். அதனால்தான் மக்களுக்கு அவர் 'ரோசாப்பூ துரை'.

அந்த மக்களுக்கு அப்போது என்ன பிரச்னை தெரியுமா? 1911-ம் வருடத்து குற்றப் பரம்பரைச் சட்டம். தப்பே செய்யாவிட்டாலும், பிறந்த சாதிக்காகவே ஒருவர் குற்றவாளி! பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியானால் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பொண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும் அனுமதியில்லாமல் நகர முடியாது என்றால் யோசித்துப் பாருங்கள்.

1920 ஏப்ரல் 3. பெருங்காமநல்லூர் கிராமம் ரேகை வைக்க மறுத்தது. போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். எஞ்சியவர்களில் பலர் கைதானார்கள். கையில் காசில்லாத அந்த ஜனங்களுக்காகக் கோர்ட்டில் நின்றவர் நம்ம துரைதான். பத்திரிகைகளிலும் இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார்.

அவருக்கு இது புதுசில்லை. 1918-லேயே வரதராஜுலு நாயுடுவோடு சேர்ந்து மதுரை மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தவர். பிறகு காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்துக்காக நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலையே விட்டார். அலகாபாத் போய் மோதிலால் நேருவின் பத்திரிகைக்கு ஆசிரியரானார், ஜெயிலுக்கும் போனார். 1924-ல் வைக்கம் போராட்டத்திலும் சிறை. 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் இளைஞர் காமராஜருக்காக வாதாடியவர்களில் இவரும் ஒருவர்.

1938 மார்ச் 5-ல் மதுரையில் காலமானபோது வயது 50தான். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல். அந்த நாளைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால், பெருங்காமநல்லூர் ஜனங்கள் தனியாக இல்லை என்று முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். வேறு சாதி, வேறு மதம், வேறு மொழி... எதையும் பார்க்காமல் வந்து நின்ற மனுஷனுக்கு, பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்து நன்றி சொன்னார்கள் அந்த ஊர்க்காரர்கள்.