லண்டனை அதிரவைத்த குள்ள இன்ஜினீயர்!
தண்டவாள அகலத்தில் பிடிவாதம். 53 வயதில் முடிந்த வாழ்க்கை

லண்டனில் பேடிங்டன் என்று ஒரு பெரிய ரயில் நிலையம் இருக்கிறது. பிரிஸ்டல், டெவன், கார்ன்வால் என்று மேற்குப் பக்கத்தில் இருந்து வருகிற ரயில்களுக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன். அந்தப் பாதையைப் போட்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி இப்போது இல்லை. 1948-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

கம்பெனி போய்விட்டது. ஆனால் பாதை போட்ட ஆளை லண்டன் மறக்கவில்லை. ஸ்டேஷனிலேயே சிலை வைத்திருக்கிறார்கள்.

அவர்தான் இசம்பார்ட் கிங்டம் புரூனல். ஆள் குள்ளம். தலையில் உயரத் தொப்பி. வாயில் எந்நேரமும் சுருட்டு. காரியமோ மலையளவு!

கடனால் ஜெயிலுக்குப் போன அப்பா

புரூனல் 1806-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந்தேதி போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தார். அப்பா மார்க் புரூனல் பிரான்சில் பிறந்தவர். அவரும் பெரிய இன்ஜினீயர்தான். ஆனால் பண விஷயத்தில் கோட்டை விட்டவர். 1821-ல் கடன் கட்ட முடியாமல் ஜெயிலுக்கே போனார். கடைசியில் அரசாங்கம் 5 ஆயிரம் பவுன் கொடுத்து மீட்டது.

பிறகு அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். 1828 ஜனவரி 12-ந்தேதி ஆற்றுத் தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. 6 பேர் பலியானார்கள். மகன் படுகாயத்தோடு உயிர் தப்பியதே பெரும்பாடு.

ஆனாலும் அவர் பயந்து ஒதுங்கவில்லை. 1833-ல் லண்டன் – பிரிஸ்டல் ரயில் பாதைக்கு அவரைத் தலைமை இன்ஜினீயராகப் போட்டார்கள். அப்போது அவருக்கு 27 வயதுகூட நிரம்பவில்லை!

ஏழு அடி தண்டவாளம்

மற்ற கம்பெனிகள் தண்டவாளத்தை 4 அடி எட்டரை அங்குல அகலத்தில் போட்டன. புரூனல் ஒத்துக்கொள்ளவில்லை. 7 அடி அகலம் இருந்தால்தான் வண்டி ஆடாது, வேகமாகவும் ஓடும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்படியே போட்டும் காட்டினார்.

முதலில் இந்தப் பாதையை லண்டனில் இன்னொரு கம்பெனியின் யூஸ்டன் ஸ்டேஷனில் கொண்டுபோய் முடிப்பதாகத்தான் பேச்சு. நிலத்தில் ஒரு தகராறு, தண்டவாள அகலத்தில் இன்னொரு தகராறு. பேச்சு முறிந்தது. அதனால்தான் பேடிங்டனில் தனி ஸ்டேஷன் வந்தது. 1838 ஜூன் 4-ந்தேதி அங்கிருந்து முதல் ரயில் கிளம்பியது. 1841-ல் பிரிஸ்டல் வரை பாதை முடிந்தது.

நடுவில் பாக்ஸ் குன்றைக் குடைந்து கிட்டத்தட்ட 2 மைல் சுரங்கம் போட வேண்டியிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெடிமருந்து வைத்து உடைத்த வேலை. தொழிலாளிகள் 100 பேர் வரை அதில் செத்ததாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

தொண்டையில் அரைப் பவுன்!

1843 ஏப்ரலில் நடந்த கூத்து இது. புரூனல் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட ஒரு அரைப் பவுன் தங்கக் காசை வாயில் போட்டார். காசு நழுவி மூச்சுக்குழாயில் சிக்கிக்கொண்டது.

டாக்டர்கள் கழுத்தைக் கிழித்து இடுக்கி விட்டுப் பார்த்தார்கள். வரவில்லை. கடைசியில் அவரை ஒரு பலகையில் கட்டித் தலைகீழாகச் சாய்த்துக் குலுக்கினார்கள். ஏறக்குறைய 6 வாரம் கழித்து, மே 13-ந்தேதி காசு வெளியே விழுந்தது. ஊரே பேப்பரில் சேதி பார்த்துக்கொண்டிருந்தது!

குளூஸ்டரில் குழப்பம்

இதற்குள் குளூஸ்டர் நகரில் தகராறு முற்றிவிட்டது. அகலப் பாதையும் குறுகிய பாதையும் அங்கேதான் சந்தித்தன. பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாற வேண்டும். சரக்கையெல்லாம் ஆள் விட்டு மாற்ற வேண்டும். எழும்பூரில் மீட்டர் கேஜ், சென்ட்ரலில் பிராட் கேஜ் என்று இருந்த காலத்தில் நம்ம ஜனங்கள் பட்ட பாடு தெரியுமல்லவா? அதே பாடுதான்.

1845-ல் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். ஓட்டிப் பார்த்ததில் புரூனல் கட்சி என்ஜின்தான் வேகம். ஆனால் நாட்டில் குறுகிய பாதை 1,900 மைல். இவருடையது 274 மைல்தான். அடுத்த வருஷமே சட்டம் வந்தது. இனிப் புதுப் பாதை பொதுவாகக் குறுகிய அகலத்தில்தான் என்று ஆகிவிட்டது.

வேகத்தில் ஜெயித்தவர் கணக்கில் தோற்றுப்போனார்.

காற்றழுத்தத்தில் ரயில் ஓட்டும் திட்டமும் 1848-ல் படுத்துவிட்டது. குழாயை மூடிய தோல் பட்டை கெட்டுப்போய்க் காற்று கசிந்ததுதான் காரணம். பணம் போட்டவர்களுக்குப் பெரும் நஷ்டம்.

கடைசிக் கப்பல்

1854-ல் இப்போதுள்ள பேடிங்டன் ஸ்டேஷனைக் கட்டி முடித்தார். இரும்பும் கண்ணாடியுமாக மூன்று வளைவுக் கூரை. இன்றும் ஜனங்கள் அதன் கீழேதான் நடக்கிறார்கள்.

அடுத்தது 692 அடி நீளத்தில் 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பல். உலகத்திலேயே அன்றைக்கு அவ்வளவு பெரிய கப்பல் கிடையாது. தண்ணீரில் இறக்கவே 3 மாதம் ஆனது. அந்த வேலை அவர் உடம்பை உருக்கிவிட்டது.

1859 மே மாதம் அவர் கட்டிய சால்டாஷ் பாலம் திறப்பு விழா. ராணியின் கணவர் ஆல்பர்ட் வந்தார். கட்டியவர் வரவில்லை, நோயில் கிடந்தார். பிற்பாடு ஒரு திறந்த வண்டியில் படுக்க வைத்துப் பாலத்தைக் காட்டினார்கள்.

செப்டம்பர் 5-ந்தேதி கப்பல் தளத்திலேயே பக்கவாதம் தாக்கி விழுந்தார். 9-ந்தேதி வெள்ளோட்டத்தில் கப்பலுக்குள் வெடி விபத்து. கொதிநீராவியில் தொழிலாளிகள் வெந்து செத்தார்கள். 15-ந்தேதி புரூனல் காலமானார். வயது 53.

அதே கப்பல்தான் 1866-ல் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போட்டது. 1870-ல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் நடுவே கம்பி இழுத்ததும் அதுதான்.

ஏழு அடிப் பாதை மட்டும் நிலைக்கவில்லை. 1892 மே 20-ந்தேதி மேற்கே போகும் கடைசி அகலப்பாதை ரயில் பேடிங்டனை விட்டுக் கிளம்பியது. மறுநாள் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் இறங்கி, இரண்டே நாளில் 171 மைல் தண்டவாளத்தைக் குறுக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வண்டி வழக்கம்போல ஓடியது.