நெஞ்சுப் படபடப்பு: பதற்றமா, இதய நோயா? சரபோஜி மன்னரின் வாழ்வு காட்டும் வழி

அறுபது வயதைக் கடந்த உங்களுக்கு ஓர் இரவில் திடீரென நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது, உடல் வியர்க்கிறது. இது மனப்பதற்றமா, மாரடைப்பின் தொடக்கமா என்னும் ஐயம் எழுகிறது. இத்தகைய நேரத்தில் இருவகைத் தவறுகள் நிகழ்வதுண்டு. வாயுக் கோளாறு என்றோ வீண் கவலை என்றோ எண்ணி விடியும்வரை காத்திருப்பது ஒன்று. பரிசோதனைகள் முடிந்து இதயம் நலமாக உள்ளது எனத் தெரிந்த பின்னும், பதற்றத்துக்கு உரிய சிகிச்சையைப் பெறாமல் மருத்துவமனைகள் தோறும் அலைவது மற்றொன்று. முதலாவது உயிரைப் பறிக்கக்கூடும். இரண்டாவது முதுமையின் நிம்மதியைக் குலைக்கும்.

நோயை ஊகத்தால் முடிவு செய்யாமல், பார்த்து, சோதித்து, எழுதிவைத்து அறிவதே இவ்விரண்டுக்கும் மாற்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காவிரிக் கரையில் இவ்வழக்கத்தை வளர்த்தவர் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர். அவருடைய வாழ்வை அறிந்துகொள்வது உங்கள் உடல்நலத்துக்கும் பயன் தரும்.

இளமையும் அரியணையும்

சரபோஜி 1777-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பிறந்தார். தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாஜி, தமக்கு வாரிசு இல்லாத நிலையில், 1787-இல் இச்சிறுவரைத் தத்தெடுத்தார். அவ்வாண்டிலேயே துளஜாஜி மறைந்தார். ஆட்சி அமர்சிங்கிடம் சென்றது. சரபோஜியின் இளமை கண்காணிப்பிலும் பாதுகாப்பின்மையிலும் கழிந்தது. டென்மார்க்கு மிஷனைச் சேர்ந்த செருமானியரான சுவார்ட்சு பாதிரியார் அவருக்குக் காவலராகவும் ஆசானாகவும் அமைந்தார். 1793-இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு அங்கே கல்வி பயின்றார்.

1798 பிப்ரவரியில் சுவார்ட்சு காலமானார். அவ்வாண்டின் நடுப்பகுதியில் சரபோஜி அரியணை ஏறினார். மறு ஆண்டே, 1799 அக்டோபரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. மன்னருக்குக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் வருவாயில் ஒரு பங்கும் எஞ்சின. இருபத்திரண்டு வயதில் அதிகாரத்தை இழந்த அவர், எஞ்சிய வாழ்நாளைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் அளித்தார். சரசுவதி மகால் நூலகம் அவர் காலத்தில் பெருவளர்ச்சி பெற்றது. மேலைநாட்டு அறிவியல், மருத்துவ நூல்களை வரவழைத்துத் தாமே பயின்றார். 1826-இல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா ஆயர் ஹீபர், ஐரோப்பிய அறிவியலில் மன்னருக்கு இருந்த புலமையைக் கண்டு வியந்து எழுதியுள்ளார்.

தன்வந்திரி மகால்

சரபோஜி நிறுவிய மருத்துவ ஆய்வுக்கூடம் தன்வந்திரி மகால். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேலை மருத்துவம் ஆகிய முறைகளில் தேர்ந்தவர்கள் அங்கே ஒருங்கே பணியாற்றினர். மனிதர்களுக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் மருந்துகள் செய்யப்பட்டன. ஒரு மருந்து பழைய சுவடியில் உள்ளது என்பதாலேயே அங்கு ஏற்கப்படவில்லை. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்ட முறைகளே தொகுக்கப்பட்டன. அவற்றைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக இயற்றினர். சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் அத்தொகுப்பைப் பின்னர் சரசுவதி மகால் நூலகம் நோய்வாரியாகப் பல நூல்களாக வெளியிட்டது.

அரசர் எழுப்பிய சத்திரங்களிலும் மருத்துவத்துக்கு இடம் இருந்தது. ஒரத்தநாட்டில் உள்ள முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. வழிப்போக்கர் நோயுற்றால் குணமாகும்வரை அங்கேயே தங்கவைத்து மருந்தும் உணவும் அளிப்பது சத்திரங்களின் கடமை என்று 1801-இல் கம்பெனி அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் சரபோஜி விளக்கியிருந்தார். அச்சத்திரங்களின் நிர்வாகம் தம்மிடமே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

நோயாளி ஏடுகள்

சரபோஜியின் மருத்துவப் பணியில் இன்றும் அறிஞர்கள் போற்றுவது கண் நோயாளிகளைப் பற்றிய ஏடுகளையே. நோயாளி யார், கண்ணில் என்ன குறை, என்ன சிகிச்சை அளிக்கப்பட்டது, பின்னர் நிலைமை எவ்வாறு மாறியது என்பவை அவற்றில் பதியப்பட்டுள்ளன. நோயுற்ற கண்ணின் தோற்றம் வண்ண ஓவியமாகவும் தீட்டப்பட்டுள்ளது. ஒரே மாதிரித் தோன்றும் இரு கண்களில் இருவேறு நோய்கள் இருக்கலாம் என்பதை அறிந்தவர்களே இவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்வர். நெஞ்சுக்கும் இது பொருந்தும். உணர்வு ஒன்றாக இருப்பினும் காரணம் வேறாக இருக்கலாம்.

மனமும் இதயமும் பிணைந்தவை

சரபோஜி சென்னைக்குச் சென்ற அதே 1793-ஆம் ஆண்டில், இலண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் காலமானார். அவருக்கு நெடுங்காலமாக நெஞ்சுவலி இருந்தது. நடந்தாலும் வந்தது, கோபம் வந்தாலும் வந்தது. தாம் பணிபுரிந்த மருத்துவமனையில் நடந்த கூட்டத்தில் எழுந்த கருத்து மோதலின்போது அவர் சரிந்து உயிர் நீத்தார். உடலை ஆராய்ந்தபோது இதயத்துக்கு இரத்தம் செலுத்தும் நாளங்கள் தடித்து இறுகியிருந்தன. மனக்கொந்தளிப்பின்போது வரும் வலி மனத்தைச் சேர்ந்தது மட்டுமே என்று எண்ணுவது எவ்வளவு பிழை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பேரிழப்பு, அதிர்ச்சி ஆகியவற்றின் பின் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்து, மாரடைப்பைப் போன்றே தோன்றும் டகோட்சுபோ என்னும் நிலையை 1990-ஆம் ஆண்டில் சப்பானிய மருத்துவர்கள் விவரித்தனர். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஆகவே, துக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், அழுததால் வந்தது என்று விட்டுவிடலாகாது.

வேறுபாட்டை எவ்வாறு அறிவது?

இதய நோயை நோக்கிச் சுட்டும் அறிகுறிகள்:

• நெஞ்சின் நடுவில் அழுத்தம், இறுக்கம் அல்லது பாரம். அது தோள், கை, கழுத்து, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதல்.
• வரப்பில் விரைந்து நடக்கையிலோ மாடிப்படி ஏறுகையிலோ தோன்றி, நின்று இளைப்பாறினால் சில நிமிடங்களில் தணிதல்.
• குளிர்ந்த வியர்வை, குமட்டல், மயக்கம்.
• நாடித்துடிப்பு ஒழுங்கற்றுத் தாறுமாறாக ஓடுதல். இது பக்கவாதத்துக்கும் காரணமாகலாம்.

பதற்றத்தை நோக்கிச் சுட்டும் அறிகுறிகள்:

• உழைப்புடன் தொடர்பின்றித் திடீரெனத் தோன்றி, ஏறத்தாழ பத்து நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, பின் மெல்லத் தணிதல்.
• விரைந்து மூச்சு வாங்குதல். விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு.
• உயிர் போய்விடும் என்னும் கடும் அச்சம், நடுக்கம், உறக்கமின்மை, நாள் முழுதும் நீங்காத கவலை.

இப்பட்டியலை மட்டும் கொண்டு நீங்களே முடிவு செய்தல் கூடாது. முதியவர்களுக்கும், பெண்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வலியின்றியே வரக்கூடும். மூச்சுத்திணறல், மேல்வயிற்றில் எரிச்சல், இனம் புரியாத சோர்வு, குழப்பம் ஆகியவை மட்டுமே தென்படலாம். உயிர் போய்விடுமோ என்னும் அச்சம் மாரடைப்பிலும் எழும். இளமையில் ஒருபோதும் பதற்ற நோய் இல்லாதவருக்கு அறுபதுக்கு மேல் முதன்முறையாக இத்தகைய தாக்குதல் வந்தால், இதய நோய், நுரையீரல் நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, இரத்தச் சர்க்கரைக் குறைவு, உட்கொள்ளும் மருந்துகளின் விளைவு ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். பதற்றம் என்னும் முடிவு அவற்றுக்குப் பின்னரே வர வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ புதிதாகத் தோன்றி, ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் தணியாவிடில், உடனே 108 எண்ணை அழையுங்கள். அறுவடை முடியட்டும், மகன் ஊரிலிருந்து வரட்டும் என்று பொழுது கடத்தாதீர்கள். இரத்தம் பாயாத இதயத் தசை நிமிடந்தோறும் அழிந்துகொண்டிருக்கும். நீங்களே வண்டி ஓட்டிச் செல்லவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதற்கட்ட மாத்திரைகள் வழங்கப்பட்டு நோயாளிகள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர்.

மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுக்கப்படும். முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருப்பதால் மட்டும் ஐயம் நீங்கிவிடாது. ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரத்துக்குப் பின் மீண்டும் செய்ய நேரலாம். மருத்துவர் போகலாம் என்று கூறும்வரை பொறுத்திருங்கள்.

உங்கள் ஏடு

அவசர நிலை இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பின்னர், தன்வந்திரி மகாலில் செய்ததைப் போல ஓர் ஏட்டைத் தொடங்குங்கள். தொல்லை வந்த நாள், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, நீடித்த நிமிடங்கள், எதனால் தணிந்தது, உண்ட உணவு, எடுத்த மாத்திரைகள், முந்தைய இரவின் உறக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். எழுத இயலாவிடில் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். நாட்டு மருந்து எடுப்பதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மூன்று வாரக் குறிப்பு, மருத்துவருக்கு மிகப்பெரிய உதவியாகும். ஆனால் வலி வந்துள்ள நேரத்தில் எழுத அமராதீர்கள். முதலில் உதவி, பின்னரே குறிப்பு.

பதற்றம் என்று தெரிந்தால்

பதற்றம் கற்பனை நோயன்று. சிகிச்சைக்கு உரிய நோய். உளவழிச் சிகிச்சை, மூச்சுப் பயிற்சி, நாள்தோறும் நடைப்பயிற்சி, தேவையெனில் மருத்துவர் தரும் மருந்து ஆகியவை நல்ல பயன் தரும். பக்கத்து வீட்டாரின் தூக்க மாத்திரையை வாங்கி உட்கொள்ளாதீர்கள். முதுமையில் அது தடுமாறி விழச் செய்யும். காபி, புகையிலை, மது ஆகியவை படபடப்பை மிகுவிக்கும். நீங்காத பதற்றமும் மனச்சோர்வும் இதயத்துக்கும் தீங்கு செய்வதால், இதய நோய் உள்ளவர்களும் அவற்றுக்குச் சிகிச்சை பெற வேண்டும். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.

சரபோஜி மன்னர் 1832-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் தமது 54-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது தஞ்சை அரசு கம்பெனியிடம் சென்று முடிந்தது. நோயாளி ஏடுகள் மட்டும் சரசுவதி மகாலில் இன்றும் உள்ளன. உங்கள் நெஞ்சின் கதையையும் ஊகத்துக்கு விடாமல், மருத்துவரிடம் முழுமையாகச் சொல்லுங்கள்.