நம் கல்லூரிக்குப் பெயர் தந்த அருளானந்தர்

நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். நம் கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரிக்குப் பெயர் தந்தவரைப் பற்றியே எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. எனக்குச் சொந்த ஊர் மரகத நடராசர் எழுந்தருளியிருக்கும் உத்தரகோசமங்கை. எங்கள் கோயில் சேதுபதி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ராமநாதபுரம் கோட்டைக்குக் கல்மதில் எழுப்பிய கிழவன் சேதுபதி என்றால் எங்க பக்கத்து ஆளுகளுக்குத் தனிப் பெருமை. அந்த ராஜாவின் ஆணைப்படிதான் அருளானந்தர் வெட்டப்பட்டார். ஆகவே இந்த வரலாற்றில் எனக்கு இரண்டு பக்கமும் சொந்தம்.

அருளானந்தரின் இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647 மார்ச் 1-ஆம் தேதி போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். அரண்மனையில் இளவரசர் பெட்ரோவோடு வளர்ந்தவர். சிறுவயதில் கடும் நோய் வந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஓராண்டு சேசு சபைத் துறவியின் அங்கி அணிவிப்பதாகப் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார் தாயார். பிழைத்த பிள்ளைக்கு அந்த அங்கியே பிடித்துப்போயிற்று. 1662-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1673-ல் குருப்பட்டம் பெற்று இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

மதுரை மிஷனில் அவர் எடுத்துக்கொண்ட கோலம் பண்டாரசாமி கோலம். காவி உடை, மரக்கறி உணவு, தரையில் படுக்கை. இதைச் சற்று விளக்க வேண்டும். ராபர்ட் தெ நொபிலி சந்நியாசியாக வாழ்ந்து மேல்சாதியாரிடம் பழகினார். ஆனால் அன்றைய வழக்கப்படி சந்நியாசிக் கோலத்தில் இருப்பவர் தாழ்த்தப்பட்ட மக்களிடம் வெளிப்படையாகப் போகமுடியாது. பண்டாரம் எல்லார் வீட்டு வாசலுக்கும் போகலாம். அருளானந்தர் தேர்ந்துகொண்டது அந்த வாசலைத்தான்.

1686-ல் மறவர் நாட்டில் உபதேசியார்களோடு பிடிபட்டு, சாட்டையடியும் சங்கிலியுமாகச் சித்திரவதைப்பட்டார். விஷயம் ராஜாவிடம் போனது. சேதுபதி அவரை வரவழைத்து, அவர் போதனையைக் கேட்டு, விடுதலை செய்துவிட்டார். தம் நாட்டில் இனிப் போதிக்கக்கூடாது என்று நிபந்தனை மட்டும் விதித்தார். முதல் முறை உயிரோடு விட்டவரும் அதே ராஜாதான் என்பதை நாம் மறக்கக்கூடாது.

மறுவருடம் மிஷன் வேலையாகப் போர்ச்சுகல் போனார். அரண்மனைத் தோழர் பெட்ரோ இப்போது அந்நாட்டு மன்னர். இங்கேயே இருந்துவிடும்படி அவர் வற்புறுத்தியும் அருளானந்தர் கேட்கவில்லை. 1690-ல் கோவா வந்து, தடை இருந்தும் மறவர் நாட்டுக்கே திரும்பினார்.

தடியத்தேவர் என்ற குறுநிலத் தலைவர் தீராத நோயில் கிடந்தார். உபதேசியார் வேதம் வாசித்துச் செபித்தபின் குணமாகி, ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழவேண்டும் என்பது நிபந்தனை. 1693 ஜனவரி 6-ஆம் தேதி அவர் ஞானஸ்நானம் பெற்றார். மற்ற மனைவியர் விலக்கப்பட்டார்கள். அவர்களில் இளையவர் சேதுபதிக்கு நெருங்கிய உறவுப் பெண். அவர் போய் ராஜாவிடம் முறையிட்டார். வழக்கமாகச் சொல்லும் கதைகளில் அந்தப் பெண்ணைப் பொல்லாதவள் ஆக்கிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முறைப்படி மணந்தவள், தன் குற்றம் எதுவும் இல்லாமல் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டால் எங்கே போவாள்? ராஜாவுக்கோ வேறு கவலை. தடியத்தேவருக்கு ராமநாதபுரம் அரசுரிமையில் பாத்தியதை இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு புதுக்கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும்?

இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார். தலைநகரில் கொன்றால் கலவரம் வரும் என்று, நாடு கடத்துவதாகச் சொல்லி, பாம்பாற்றங்கரை ஓரியூரில் இருந்த தம்பி உடையத்தேவரிடம் அனுப்பினார் சேதுபதி. ரகசியக் கட்டளை மரணம். சிறையில் மையும் எழுதுகோலும் இல்லாமல், கரியை நீரில் குழைத்து, வைக்கோல் துரும்பால் சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4-ஆம் தேதி ஆற்றங்கரை மேட்டில் தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு 46 வயது நிறையவில்லை.

1853-ல் முத்திப்பேறு பட்டமும், 1947 ஜூன் 22-ஆம் தேதி புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டன. ஓரியூர் மண் சிவந்திருப்பது அவர் ரத்தத்தால்தான் என்பது மக்கள் நம்பிக்கை. அந்தச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறவர்களில் எல்லாச் சாதியாரும் உண்டு, இந்துக்களும் உண்டு. மொட்டை போட்டு, கிடா வெட்டி நேர்ச்சை செலுத்துகிறார்கள். வெட்டச் சொன்ன ராஜாவின் சீமையே அவரைத் தன் சாமியாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

1970-ல் சேசு சபையார் நம் கல்லூரியைத் தொடங்கியபோது இந்தப் பெயரைச் சூட்டினார்கள். கருமாத்தூர் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளில் வீட்டிலேயே முதல் பட்டதாரியானவர்கள் எத்தனை பேர்! எல்லா வாசலுக்கும் போன பண்டாரசாமியின் பெயர் இதற்குத்தான் பொருந்தும். தற்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழில் மட்டும் இந்தப் பெயரைப் பார்க்காமல், ஒருமுறை திருவாடானை பக்கம் வந்து ஓரியூரையும் பாருங்கள். அப்படியே ராமநாதபுரம் கோட்டையையும் பார்த்துவிட்டுப் போங்கள்.