பூரண் சந்த் ஜோஷி

பூரண் சந்த் ஜோஷி (பி. சி. ஜோஷி, ஏப்ரல் 14, 1907 - நவம்பர் 9, 1980) இந்தியப் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடித் தலைவர்களுள் ஒருவர் ஆவார். 1935 ஆம் ஆண்டின் இறுதியில் இருந்து 1948 வரை இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் பொதுச் செயலாளராகப் பொறுப்பு வகித்தார். தடை செய்யப்பட்ட சிறு குழுவாக இருந்த கட்சி, இவருடைய தலைமையில் நாடு தழுவிய மக்கள் இயக்கமாக வளர்ந்தது. 1948 இல் தலைமையில் இருந்து அகற்றப்பட்ட இவர், 1949 இல் கட்சியில் இருந்தே நீக்கப்பட்டார். இவரை நீக்கிய தலைமை மேற்கொண்ட கொள்கை இரண்டே ஆண்டுகளில் தவறானது எனக் கட்சியாலேயே கைவிடப்பட்டது. அக்கொள்கையின் விளைவுகள் தெற்கே திருநெல்வேலி வரை உணரப்பட்டன.

பிறப்பும் கல்வியும்

ஜோஷி இமயமலைச் சாரலில் உள்ள குமாவுன் பகுதியின் அல்மோரா நகரில் பிறந்தார். இந்நகர் இன்று உத்தராகண்டம் மாநிலத்தில் உள்ளது. தந்தையார் ஆசிரியப் பணியில் இருந்தவர். ஜோஷி 1928 இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே இளைஞர் இயக்கங்களில் ஈடுபட்டார். 1928 அக்டோபரில் மீரட்டில் ஐக்கிய மாகாணத் தொழிலாளர் விவசாயிகள் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் செயலாளரானார்.

மீரட் சதி வழக்கு

1929 மார்ச் 20 அன்று பிரித்தானிய அரசு நாடெங்கும் தொழிற்சங்கத் தலைவர்களைக் கைது செய்து, பேரரசுக்கு எதிராகச் சதி செய்ததாக வழக்குத் தொடர்ந்தது. இதுவே மீரட் சதி வழக்கு எனப்படுகிறது. எஸ். ஏ. டாங்கே, முசாபர் அகமது, எஸ். வி. காட்டே, ஜி. அதிகாரி ஆகியோருடன் பிலிப் ஸ்ப்ராட், பென் பிராட்லி முதலிய ஆங்கிலேயரும் இவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டனர். 22 வயதை எட்டாத ஜோஷி இவர்களுள் மிக இளையவர்களில் ஒருவர்.

வழக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1933 சனவரியில் தண்டனைகள் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டே அலகாபாத் உயர் நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்ததால் ஜோஷி விடுதலையானார். பின்னர் கான்பூர் தொழிலாளரிடையே பணியாற்றினார்.

பொதுச் செயலாளர்

1934 இல் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டின் இறுதியில், தலைமறைவாக இயங்கிய கட்சிக்கு ஜோஷி பொதுச் செயலாளரானார். அப்போது அவருக்கு வயது 28.

1935 இல் மாஸ்கோவில் கூடிய அனைத்துலகப் பொதுவுடைமை அமைப்பின் ஏழாவது மாநாடு, பாசிசத்துக்கு எதிராகப் பரந்த ஐக்கிய முன்னணியை வலியுறுத்தியது. அவ்வழியில் ஜோஷி காலத்துக் கட்சி காங்கிரசையும் காங்கிரசு சோசலிசக் கட்சியையும் அணுகியது. சென்னை மாகாணத்தில் காங்கிரசு சோசலிசக் கட்சியில் பணியாற்றிய ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி முதலியோர் பொதுவுடைமைக் கட்சிக்கு வந்தனர். 1937 இல் ஜனசக்தி இதழ் தோன்றியது. 1938 இல் பம்பாயில் இருந்து வெளிவரத் தொடங்கிய நேஷனல் பிரண்ட் இதழை ஜோஷி நடத்தினார்.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய பின் கட்சி மீண்டும் கடும் அடக்குமுறைக்கு உள்ளானது. 1941 இல் சோவியத் ஒன்றியத்தை இட்லரின் செருமனி தாக்கியதும், போரை மக்கள் போர் எனக் கட்சி அறிவித்தது. 1942 சூலையில் கட்சி மீதான தடை நீங்கியது. அடுத்த மாதம் காங்கிரசு தொடங்கிய வெள்ளையனே வெளியேறு போராட்டத்தைக் கட்சி எதிர்த்தது. ஜோஷியின் அரசியல் வாழ்வில் மிகுந்த விமர்சனத்துக்கு உள்ளான முடிவு இதுவாகும். கட்சியின் மீது எழுந்த ஐயங்கள் குறித்து இவருக்கும் காந்திக்கும் இடையே 1944-45 இல் கடிதப் போக்குவரத்து நடைபெற்றது.

1943 மே 23 முதல் சூன் 1 வரை பம்பாயில் கட்சியின் முதல் மாநாடு கூடி, ஜோஷியைப் பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது ஏறத்தாழ 16,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, 1948 தொடக்கத்தில் ஏறத்தாழ 89,000 ஆக உயர்ந்தது. 1943 இலேயே சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதல் வழக்கில் சிறைத்தண்டனை அனுபவித்த கல்பனா தத்தை ஜோஷி மணந்தார்.

கலையும் பண்பாடும்

எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் கட்சியின்பால் ஈர்த்தது ஜோஷியின் தனிச்சிறப்பு எனக் கருதப்படுகிறது. 1943 வங்கப் பஞ்சத்தின்போது ஒளிப்படக் கலைஞர் சுனில் ஜானா, ஓவியர் சித்தபிரசாத் ஆகியோரைக் கொண்டு பஞ்சத்தின் கொடுமையைப் பதிவு செய்ய வைத்தார். இவை கட்சி இதழில் வெளிவந்து நாட்டு மக்களின் கவனத்தைக் கவர்ந்தன. அதே ஆண்டில் இந்திய மக்கள் நாடக மன்றம் உருவானது. நாட்டார் பாடல்களும் கூத்துகளும் அரசியல் மேடைக்கு வந்தன.

கல்கத்தா மாநாடு

1947 இல் நாடு விடுதலை அடைந்தபோது நேரு அரசை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் கட்சிக்குள் பிளவு எழுந்தது. கிடைத்த விடுதலை முழுமையற்றதாயினும் உண்மையானது என்றும், நேரு மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் ஜோஷி கருதினார். விடுதலை போலியானது என்றும், நேரு அரசு ஏகாதிபத்தியத்தின் கூட்டாளி என்றும், புரட்சிக்கான காலம் கனிந்துவிட்டது என்றும் பி. டி. ரணதிவே தலைமையிலான பிரிவினர் வாதிட்டனர்.

1948 பெப்ரவரி 28 முதல் மார்ச் 6 வரை கல்கத்தாவில் கூடிய இரண்டாவது மாநாடு ரணதிவேயின் நிலைப்பாட்டை ஏற்றது. ஜோஷியின் தலைமைக் காலம் வலதுசாரிச் சீர்திருத்தவாதம் எனக் கண்டிக்கப்பட்டது. ரணதிவே பொதுச் செயலாளரானார். பன்னிரண்டு ஆண்டுகள் கட்சியை வழிநடத்திய ஜோஷிக்கு மத்தியக் குழுவில் கூட இடம் அளிக்கப்படவில்லை.

கட்சியில் இருந்து நீக்கம்

1949 சனவரி 27 அன்று ஜோஷி கட்சி உறுப்பினர் பொறுப்பில் இருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு மார்ச் 9 அன்று நாடு தழுவிய தொடர்வண்டி வேலைநிறுத்தத்துக்குக் கட்சி விடுத்த அழைப்பு தோல்வியில் முடிந்தது. டிசம்பரில் ஜோஷி கட்சியில் இருந்து முற்றிலும் நீக்கப்பட்டார். அரசின் கண்ணில் பொதுவுடைமையாளராகவும், கட்சியின் கண்ணில் துரோகியாகவும் ஒரே நேரத்தில் அவர் வாழ நேர்ந்தது.

ஆயினும் அவர் வேறு கட்சியில் சேரவில்லை. புதிய கட்சி எதையும் தொடங்கவும் இல்லை. அலகாபாத்தில் இருந்து சிறு நூல்களையும் இந்தியா டுடே என்னும் இதழையும் வெளியிட்டார் (பிற்காலத்தில் இதே பெயரில் தோன்றிய செய்தி இதழ் வேறு). புதிய கொள்கை கட்சியை மக்களிடம் இருந்து பிரித்துவிட்டது என்பதே அவருடைய எழுத்துகளின் மையக் கருத்தாகும்.

திருநெல்வேலியில் விளைவுகள்

தலைமையின் கொள்கைக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதை வகுக்காத ஊழியர்களே. அன்றைய திருநெல்வேலி மாவட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் நன்செய் நிலங்களில் பெரும்பகுதி கோயில்களுக்கும் மடங்களுக்கும் பெருநிலக்கிழார்களுக்கும் உரியதாக இருந்தது. குத்தகை விவசாயிகளிடையேயும் விவசாயத் தொழிலாளரிடையேயும் கட்சி செயல்பட்டு வந்தது. இம்மாவட்டத்தில் விக்கிரமசிங்கபுரம் நூற்பாலை, தூத்துக்குடித் துறைமுகம் முதலிய தொழில் மையங்களும் இருந்தன.

1948 க்குப் பின் கட்சியினர் தலைமறைவாயினர். கைதுகளும் காவல்துறைக் கொடுமைகளும் பெருகின. தாமிரபரணிக் கரையில் உள்ள திருவைகுண்டத்தில் பிறந்து, நாங்குநேரி வட்டாரத்தில் பணியாற்றிய இரா. நல்லகண்ணு 1949 டிசம்பரில், அதாவது ஜோஷி நீக்கப்பட்ட அதே மாதத்தில், கைது செய்யப்பட்டார். இவர் உள்ளிட்ட பலர் மீது நெல்லைச் சதி வழக்கு தொடரப்பட்டது. ஆயுள் தண்டனை பெற்ற நல்லகண்ணு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சிறையில் இருந்து 1956 இல் விடுதலையானார். 1950 பெப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர்.

கொள்கை மாற்றமும் மீள்சேர்ப்பும்

1950 தொடக்கத்தில், ஐரோப்பியப் பொதுவுடைமைக் கட்சிகளின் தகவல் அமைப்பான கொமின்பார்மின் இதழ் வெளியிட்ட தலையங்கம் ரணதிவேயின் கொள்கையை ஐயத்துக்கு உள்ளாக்கியது. அவ்வாண்டின் இடையில் ரணதிவே அகற்றப்பட்டு, சி. ராஜேஸ்வர ராவ் பொதுச் செயலாளரானார். இதற்குள் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000 ஆகச் சரிந்திருந்தது.

ராஜேஸ்வர ராவின் தலைமை சீன வழியிலான ஆயுதப் போராட்டத்தை முன்வைத்தது. இதுவும் நீடிக்கவில்லை. 1951 தொடக்கத்தில் டாங்கே, அஜய் கோஷ், ராஜேஸ்வர ராவ், பசவபுன்னையா ஆகிய நால்வர் மாஸ்கோ சென்று இசுடாலினைச் சந்தித்தனர். அதன் பின் புதிய திட்டம் வகுக்கப்பட்டது. அஜய் கோஷ் பொதுச் செயலாளரானார். அவ்வாண்டு அக்டோபரில் தெலங்கானா ஆயுதப் போராட்டம் கைவிடப்பட்டது.

1951 சூன் 1 அன்று ஜோஷி மீண்டும் கட்சியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். கட்சி 1951-52 பொதுத் தேர்தலில் போட்டியிட்டு மக்களவையில் 16 இடங்களையும், சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 62 இடங்களையும் பெற்றது. சட்டப்படியான மக்கள் அரசியலுக்குக் கட்சி திரும்பியது. ஆனால் அப்பாதையை வற்புறுத்திய ஜோஷிக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. புதிய திட்டமும் அவருடைய கருத்துகளை முழுமையாக ஏற்றதன்று. காங்கிரசு பற்றிய மதிப்பீட்டில் வேறுபாடு தொடர்ந்தது. 1956 இல் பாலக்காட்டில் கூடிய நான்காவது மாநாட்டில், காங்கிரசில் உள்ள முற்போக்காளருடன் இணைந்த தேசியக் கூட்டணியை ஜோஷியும் அவரை ஒத்தோரும் முன்மொழிந்தனர். அது தோல்வியடைந்தது.

இறுதிக்காலம்

மீள்சேர்ப்புக்குப் பின் ஜோஷி கட்சியின் வார இதழான நியூ ஏஜின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1857 எழுச்சியின் நூற்றாண்டையொட்டி 1957 இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்தார். அவ்வெழுச்சி பற்றிய நாட்டார் பாடல்கள் குறித்தும் அதில் எழுதினார். 1964 இல் கட்சி பிளவுபட்டபோது இந்தியப் பொதுவுடைமைக் கட்சியிலேயே நீடித்தார். ரணதிவே மார்க்சியக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரானார்.

இறுதி ஆண்டுகளில் பொதுவுடைமை இயக்கத்தின் ஆவணங்களைத் திரட்டிப் பாதுகாப்பதில் ஜோஷி ஈடுபட்டார். தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் உள்ள தற்கால வரலாற்று ஆவணக் காப்பகம் இவருடைய பெயரைத் தாங்கியுள்ளது. 1980 நவம்பர் 9 அன்று தில்லியில் காலமானார்.

மதிப்பீடு

ஜோஷி காங்கிரசின் பின்னால் கட்சியை இழுத்துச் சென்றார் என்பதும், 1942 போராட்டத்தைத் தவறவிட்டார் என்பதும் இவர் மீதான முக்கிய விமர்சனங்களாகும். இவருடைய காலத்தில்தான் கட்சி உழவரிடமும் ஆலைத் தொழிலாளரிடமும் கலைஞரிடமும் சென்றடைந்தது என்பதை விமர்சகர்களும் மறுப்பதில்லை. தலைமையுடன் உடன்படாத ஒருவரைக் கட்சி வாதத்தால் எதிர்கொள்ளாமல் நீக்கத்தால் எதிர்கொண்டதற்கு இவர் வாழ்வு சான்றாக உள்ளது. அவருடைய எச்சரிக்கை கேட்கப்படாத ஆண்டுகளில் சிறை சென்ற தொண்டர்கள் பலர், கட்சி தன் பாதையை மாற்றிக்கொண்ட பின்னரும் ஆண்டுக்கணக்கில் சிறையிலேயே இருந்தனர்.